ஒரு நொடியால் வந்த வினை

சென்ற விடுமுறையில் யான் புதுக்கோட்டையில் என் தமையனார் இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தேன். அவர் அவ்வூர் அலுவலகம் ஒன்றன் சர்வர் பொறிகளைக் காக்கும் பணியினர். ஓரிரவு அவருடன் ஆங்குச் சென்றபோழ்து, வேலையாட்கள் யாவரும் வீடு திரும்பிய பின்னும் ஒரு பொறியின் விசிறி ஓயாது இரைந்துகொண்டிருந்தது. பணி ஏவுவார் ஒருவரும் இலர், பொறியின் சி.பி.யூ.வோ நூற்றுக்கு நூறு உழைப்பதாகத் திரை காட்டிற்று.

“அணைத்து மீண்டும் இயக்கினாற் சரியாகாதோ, அண்ணா?” என்றேன்.

“சரியாகலாம், தம்பி. ஆனால் எதனாற் கெட்டதென்பது தெரியாமலே போகும்” என்றார்.

அப்பொறி லினக்ஸ் ஏற்றப்பெற்றது. 2007 ஆம் ஆண்டில் லினக்ஸின் கர்னலோடு சேர்க்கப்பட்ட கே.வி.எம். என்னும் அமைப்பால், ஒரே பொறியினுள் பல பொறிகள் தனித்தனியே இயங்குவன போல இயங்கும். நம் நகரங்களில் ஒரு வீட்டிற் பல ஒண்டுக்குடித்தனங்கள் இருத்தலை இதற்கு ஒப்பாகக் கூறலாம். வாயிலில் நிற்கும் வீட்டுக்காரர்க்கு எக்குடித்தனத்தில் இரைச்சல் மிகுதி என்பது தெரியும். உள்ளே எவ்வடுப்பில் எவ்வுலை கொதிக்கிறதென்பது தெரியாது. அங்ஙனமே வெளிப்பொறியில் ‘டாப்’ என்னும் கட்டளையிட்டால், உட்பொறி ஒவ்வொன்றும் ஒரே ஒரு நிரலாகவே தோன்றும். ஆகலின், குற்றமுடைய உட்பொறி இன்னதென அறிந்தபின் அதனுள் நுழைந்து மீண்டும் அக்கட்டளையே இடல் வேண்டும். நிரல் தன் கணக்கைத் தானே செய்து உழைக்கிறதா, அன்றிக் கர்னலை ஓயாது வேண்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் அது பிரித்துக் காட்டும்.

தமையனார் கண்டது இரண்டாவது வகை. ‘ஸ்ட்ரேஸ்’ என்னும் கருவி, நிரல் கர்னலிடம் கேட்பதையும் அது தரும் விடையையும் வரி வரியாக எழுதிக் காட்டுவது. அதில் ஒரே வினாவும் ‘இல்லை’ என்னும் ஒரே விடையுமே அருவிபோல் இழிந்தன. படியெடுத்து வைக்கும் நிரலொன்று, முன்னரே கழற்றப்பட்ட ஒரு வட்டினை, இடையே சற்றும் உறங்காமல், நொடிக்குப் பல்லாயிரம் முறை தேடிக்கொண்டிருந்தது! உழைப்பு மிகுதி என யாம் கருதியது உண்மையிற் காத்திருக்கத் தெரியாமையே.

இதனினும் பெரிய கதையொன்றை அவர் அன்றிரவு உரைத்தார். புவியின் சுழற்சி ஒரு சீரானதன்று. ஆதலின் அணுக்கடிகாரங்களை அதனோடு இசைவிக்க 1972 முதல் இடையிடையே ஒரு நொடி கூட்டி வந்தனர். இருபத்தைந்தாம் முறை அவ்வாறு கூட்டியது 2012 ஜூலை 1, ஞாயிறு, நம் நாட்டு நேரம் காலை 5.30 ஆகுந் தறுவாயில். லினக்ஸ் கர்னல் தன் கடிகாரத்தை ஒரு நொடி பின்வாங்கிக்கொண்டது. ஆயின் உறங்கும் நிரல்களை உரிய நேரத்தில் எழுப்பும் உறுப்பிற்கு அச்செய்தி எட்டவில்லை. ‘அரை நொடி கழித்து எழுப்புக’ எனக் கண்மூடிய நிரலை, நேரம் கடந்ததென்று அது அக்கணமே எழுப்பிற்று. எழுந்த நிரல் செய்வதற்கொன்றுமின்மை கண்டு மீண்டும் துயில விரும்பிற்று; மீண்டும் எழுப்பப்பட்டது. ஜாவா, மைஎஸ்க்யூஎல் முதலியன இயங்கிய பொறிகள் உலகெங்கும் இங்ஙனம் வீணே கொதித்தன. ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம் தன் கூடங்களில் மின்செலவு அவ்விரவு ஏறத்தாழ ஒரு மெகாவாட் ஏறியதென அறிவித்தது. ஆஸ்திரேலியாவிற் குவாண்டஸ் விமானப் பயணிகளின் பதிவு முறை தடைப்பட்டது.

நிரல்களை நிறுத்தி மீண்டும் தொடங்கியும் பலர்க்குப் பயன் கிட்டவில்லை. குற்றம் நிரலில் இல்லையன்றோ? மருந்தாக வந்தது யாதெனில், பொறியின் தேதியை அன்றைய தேதிக்கே மறுமுறை அமைத்தல். அவ்வளவே! அவ்வாறு அமைத்த அளவில் எழுப்பும் உறுப்பும் புதிய நேரத்தை அறிந்துகொண்டது. உட்பொறி ஒவ்வொன்றிற்கும் தனிக் கர்னல் உண்மையின், குடித்தனந்தோறும் சென்று இதனைச் செய்தல் வேண்டியிருந்தது. பின்னர் ஜான் ஸ்டல்ட்ஸ் என்பார் கர்னலிலேயே பிழையைத் திருத்தினார்.

2035 ஆம் ஆண்டிற்குள் இவ்வழக்கத்தைக் கைவிட உலக அளவியற் பேரவை 2022 இல் முடிவு செய்துள்ளது. தமையனார் இதனைச் சொல்லி முடிக்கையில், படியெடுக்கும் நிரலுக்கு முயற்சிதோறும் ஐந்து நிமிட உறக்கம் விதித்துவிட்டிருந்தார். விசிறியின் இரைச்சல் அடங்கிற்று. தெருவில் நாய் குரைப்பது அப்போழ்துதான் எங்கட்குக் கேட்டது.