பழைய பந்தய வண்டியைப் புதுக்குதல்

கரடுமுரடான மண்வழியில் நிகழும் மோட்டார்ச் சைக்கிள் பந்தயத்தை மோட்டோகுரொஸ் என்பர். 1964, 1965 ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயராகிய ஜெப் சிமித் பீ.எஸ்.ஏ. வண்டியேறி, அதன் 500 சீ.சீ. வகுப்பில் உலக வெற்றிவீரரானார்.

அக்காலத்து வண்டிகளை இன்று புதுக்குவோர் பலர் முதலில் வர்ணத்தை நாடுவர். யாமோ சட்டத்தை முதலில் நோக்குக என்போம். மேடுபள்ளங்களிற் பாய்ந்த வண்டியின் ஒட்டிய மூட்டுக்களில் மயிரிழை வெடிப்புக்கள் இருத்தல் கூடும். வர்ணம் அவற்றை மறைக்குமேயன்றி மாற்றாது. ஆதலின் பழம்பூச்சை முற்றாக நீக்கி, மூட்டுத்தோறும் சோதித்தல் வேண்டும். இறுகிப்போன எஞ்சினை உதைத்து இயக்கலாகாது. பிளக்குத் துளைவழி எண்ணெய் வார்த்து ஊறவிடுக.

இப்பணிக்கு நண்பரொருவர் துணை நன்று. ஒருவர் கண்ணுக்குத் தப்பிய வெடிப்பை மற்றவர் கண் காணும். ஏறுவோன் உயிர் அம்மூட்டிலன்றோ தங்கியுள்ளது!