பாதி வழியில் தெரியும் வித்தியாசம்

இந்தியாவில் சொகுசு மின்சார எஸ்.யூ.வி.களின் வரலாறு 2020 அக்டோபரில் மெர்சிடிஸ் பென்ஸ் இ.க்யூ.சி.யுடன் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜாகுவார் ஐ-பேஸ், ஜூலையில் ஆடி இ-ட்ரான், டிசம்பரில் பி.எம்.டபிள்யூ. ஐ.எக்ஸ். என்று அடுத்தடுத்து வந்தன. அப்போது துணிந்து வாங்கியவர்கள் இப்போது இரண்டாவது மின்காரைத் தேடும் கட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். பிராண்டை மாற்றுவது அவர்களில் சிலருக்கு விருப்பம் அல்ல, கட்டாயம். இ.க்யூ.சி. உற்பத்தி நின்றுவிட்டது. ஐ-பேஸும் இல்லை. பின்னர் க்யூ8 இ-ட்ரான் என்று பெயர் மாறிய ஆடி இ-ட்ரானைத் தயாரித்த பிரஸ்ஸல்ஸ் ஆலை 2025 பிப்ரவரியில் மூடப்பட்டது. பழைய ஷோரூமுக்கே திரும்பிப் போனாலும் பழைய காரின் வாரிசு அங்கே இருப்பதில்லை.

அந்த இடத்தில் இன்று நிற்கும் வண்டிகள் வேறு. நீட்டிக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ. ஐ.எக்ஸ்.1 2025 ஜனவரியில் 49 லட்ச ரூபாய்க்கு அறிமுகமானது. இது செங்கல்பட்டு அருகே மகிந்திரா சிட்டியில் உள்ள பி.எம்.டபிள்யூ. ஆலையிலேயே தயாராகிறது. அதே ஆண்டு ஜூலையில் டெஸ்லா மாடல் ஒய் 59.89 லட்சத்துக்கு வந்தது. 2024இல் வந்த கியா இ.வி.9 1.30 கோடி, மெர்சிடிஸ் இ.க்யூ.எஸ். எஸ்.யூ.வி. 1.41 கோடி. எல்லாம் அறிமுக நாளின் ஷோரூம் விலை. இவற்றை ஒப்பிட வருபவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்வது விளம்பரத் தாளில் உள்ள ரேஞ்ச், குதிரைத்திறன், திரையின் அளவு. மூன்றுமே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அதிகம் உதவாதவை.

அந்தச் சாலையை வைத்து ஒப்பிடுவதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். திண்டிவனம் ஏறக்குறைய 125 கிலோமீட்டரிலும் விழுப்புரம் 160 கிலோமீட்டரிலும் வருகின்றன. விழுப்புரம் கிட்டத்தட்ட சரிபாதி. திண்டிவனத்தில் புதுச்சேரிக்கு ஒரு சாலையும், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கு ஒரு சாலையும் பிரிகின்றன. விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர் சாலை பிரிகிறது. சென்னையிலிருந்து தெற்கே போகும் மின்கார்க்காரர்கள் பலர் சார்ஜ் போடுவது பற்றி யோசிக்கத் தொடங்கும் இடம் இந்தச் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான்.

முதலில் ரேஞ்ச். ஒரே கார் இரண்டு எண்களோடு விற்பனைக்கு வர முடியும். 77.4 கிலோவாட்-மணி பேட்டரி கொண்ட கியா இ.வி.6 ஐரோப்பாவின் டபிள்யூ.எல்.டி.பி. சோதனையில் 528 கிலோமீட்டர், இந்தியாவின் ஏ.ஆர்.ஏ.ஐ. சான்றிதழில் 708 கிலோமீட்டர். பேட்டரி மாறவில்லை, மோட்டார் மாறவில்லை. இந்தியச் சோதனையின் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது, பெரும்பகுதி நகர ஓட்டத்தைப் போன்றது, டபிள்யூ.எல்.டி.பி. 130 வரை போகிறது. ஒரு நிறுவனத்தின் ஏ.ஆர்.ஏ.ஐ. எண்ணை இன்னொன்றின் டபிள்யூ.எல்.டி.பி. எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வீண்வேலை. இ.க்யூ.எஸ். எஸ்.யூ.வி.க்குச் சொல்லப்படும் 809 கிலோமீட்டர் இந்திய எண், பி.எம்.டபிள்யூ. ஐ.எக்ஸ். 50க்குச் சொல்லப்படும் 635 ஐரோப்பிய எண். இந்த இரண்டின் இடைவெளியை வைத்து எது அதிக தூரம் போகும் என்று முடிவுகட்ட முடியாது.

நம்பத் தகுந்த அளவுகோல் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதே. ஒரு கிலோவாட்-மணி என்பது வீட்டு மின்கட்டண ரசீதில் வரும் அதே ஒரு யூனிட். நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டரில், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, இரண்டரை டன் எடையுள்ள பெரிய எஸ்.யூ.வி.கள் சுமார் 20 முதல் 24 யூனிட் குடிக்கின்றன. மாடல் ஒய், ஐ.எக்ஸ்.1 போன்ற சிறியவை 16 முதல் 19க்குள் முடித்துக்கொள்ளும். வேகம் இங்கே பெரிய எதிரி. காற்று எதிர்க்கும் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், எண்பதிலிருந்து நூறுக்குப் போனாலே அது ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் அவசரத்தில் 120ஐத் தொடுபவர், மிச்சப்படுத்திய நிமிடங்களை அடுத்த சார்ஜரில் திருப்பிக் கொடுப்பார்.

இந்தக் கணக்கைப் போட்டால், பிராண்டுகளுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிய வித்தியாசம் சில சமயம் ஒரே பிராண்டுக்குள் இருப்பது தெரிகிறது. ஐ.எக்ஸ். 40 மாடலில் பயன்படுத்தக்கூடிய பேட்டரி சுமார் 71 யூனிட், ஐ.எக்ஸ். 50 மாடலில் 105. உடல் ஒன்று, முகம் ஒன்று. நூறு கிலோமீட்டருக்கு 21 யூனிட் என்று வைத்தால் சென்னை–திருச்சிக்கு 69 யூனிட் வேண்டும். 40 மாடல் விழுப்புரத்தில் நின்றே ஆகவேண்டும். 50 மாடல் முப்பது யூனிட்டுக்கு மேல் மிச்சத்தோடு திருச்சி சேரும்.

திண்டிவனம், விழுப்புரத்திலேயே வசிப்பவருக்குக் கணக்கு தலைகீழ். கல்குவாரியோ அரிசி ஆலையோ மருத்துவமனையோ நடத்தும் ஒருவர் காலையில் சென்னை போய் இரவு வீடு திரும்புகிறார் என்றால், திண்டிவனத்திலிருந்து அது 250 கிலோமீட்டர், நகருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் 300. இன்று விற்கும் எந்தச் சொகுசு மின்காரும் இதை ஏறக்குறைய ஒரே சார்ஜில் முடிக்கும். விழுப்புரத்துக்காரருக்கு 320, சுற்றலோடு 370. அங்கே 70 யூனிட் கார்கள் தடுமாறத் தொடங்கும். ஆக, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து நூறு யூனிட் பேட்டரி வாங்குவதன் நியாயம் திண்டிவனத்தில் குறைவு, விழுப்புரத்தில் கொஞ்சம் கூடுதல், திருச்சிக்கு அடிக்கடி போகும் சென்னைவாசிக்கு நிறைய.

இரண்டாவது, சார்ஜ் ஏறும் வேகம். இங்கேதான் பிராண்ட் மாற்றுபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் 200 கிலோவாட் என்று இருக்கும். நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் உள்ள சார்ஜர் 60 கிலோவாட் என்றால், காருக்கு எந்தப் பெயர்ப்பலகை இருந்தாலும் 60தான். அதிலும் இரண்டு சார்ஜிங் கன் இருந்து, பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகினால், பல சார்ஜர்களில் அது முப்பது முப்பதாகப் பிரிந்துவிடும். நாற்பது யூனிட் ஏற்ற நாற்பது நிமிடம் என்று இட்லி சாப்பிட உட்கார்ந்தவர் மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடிக்க நேரும்.

பெரிய சார்ஜர் இருந்தாலும் இன்னொரு தடை உண்டு: கேபிள் தாங்கும் ஆம்பியர். குளிரூட்டப்படாத சி.சி.எஸ்.2 வேக சார்ஜிங் கன் பெரும்பாலும் 200 அல்லது 250 ஆம்பியர் வரைதான் அனுமதிக்கும். மின்சக்தி என்பது வோல்ட்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது. எனவே 400 வோல்ட் அமைப்புள்ள காருக்கு 250 ஆம்பியரில் 100 கிலோவாட் மட்டுமே வரும், சார்ஜரின் மேல் 180 என்று எழுதியிருந்தாலும். 800 வோல்ட் அமைப்புள்ள காருக்கு அதே கன் 180ஐயும் முழுதாகத் தரும். குழாயின் விட்டம் மாறாமல் அழுத்தத்தை இரட்டிப்பாக்குவது போல. ஐ.எக்ஸ்., இ.க்யூ.எஸ்., மாடல் ஒய் ஆகியவை 400 வோல்ட் குடும்பம். கியா இ.வி.6, இ.வி.9, ஹூண்டாய் அயோனிக் 5, போர்ஷே மக்கான் ஆகியவை 800 வோல்ட். இந்த வேறுபாடு ஷோரூமில் தானாகச் சொல்லப்படாமல் போகலாம். கேட்டால் விற்பனையாளருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

அப்புறம் சார்ஜிங் வளைவு. உச்ச வேகத்தைவிட, எவ்வளவு நேரம் அந்த வேகம் நிற்கிறது என்பதே முக்கியம். பழைய ஆடி இ-ட்ரானின் உச்சம் 150 கிலோவாட்தான். ஆனால் எண்பது சதவீதம் வரை அதைக் கிட்டத்தட்ட விடாமல் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து மாடல் ஒய்க்கு மாறுபவர், தொடக்கத்தில் உச்சத்துக்கு ஓடும் எண் பாதியிலேயே மளமளவென்று இறங்குவதைப் பார்த்துக் குழம்பலாம். அது பழுதல்ல, அந்தக் காரின் இயல்பு. டெஸ்லாவுக்கு ஒவ்வொரு யூனிட்டிலும் அதிக தூரம் கிடைப்பதால் மொத்த நேரம் பெரிதாகக் கெடுவதுமில்லை. இதற்கு மேல் கத்திரி வெயில் இருக்கிறது. மே மாதம் பிற்பகலில் சூடேறிய பேட்டரியைக் குளிர்விக்கவே கார் மின்சாரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் சார்ஜ் வேகத்தையும் தானே குறைத்துக்கொள்ளும்.

பிராண்ட் மாறினாலும் மாறாத ஒன்று வீட்டு சார்ஜர். ஐரோப்பிய டைப்-2 பிளக் இங்கே எல்லோருக்கும் பொது. பழைய காரோடு சுவரில் மாட்டியது புதிய காருக்கும் பொருந்தும். ஒற்றை ஃபேஸில் 7.4 கிலோவாட் சார்ஜர் இரவு எட்டு மணி நேரத்தில் ஐம்பத்தைந்து யூனிட்டுக்கு மேல் ஏற்றிவிடும். 22 கிலோவாட் வசதி என்பது காகிதத்தில் அழகு. வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை அதைத் தாங்காவிட்டால் பயனில்லை. எர்த் சரியாக இல்லாத வீட்டில் சில ஜெர்மன் கார்கள் சார்ஜ் எடுக்கவே மறுக்கும். மறுப்பது நல்லது. பழைய கார் சாதுவாக எடுத்துக்கொண்டதே என்று வாதிடுவதைவிட எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது மேல்.

சர்வீஸ் விஷயத்தில் மாவட்டத் தலைநகரம் என்பதால் விழுப்புரத்துக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. சொகுசு நிறுவனங்களின் பணிமனைகள் சென்னை, கோவை போன்ற பெருநகரங்களைச் சுற்றியே இருக்கின்றன. மின்காரில் ஆயில் மாற்றும் வேலை இல்லை என்பது உண்மை. டயரோ, இடிபட்ட பம்பரோ, திடீரென்று அணைந்த திரையோ தூரத்தைப் பார்த்து வருவதில்லை. 21 அங்குலச் சக்கரத்துக்குப் பொருத்தமான டயர் திண்டிவனத்தில் எந்தக் கடையிலும் தயாராக இருக்காது. பல மாடல்களில் ஸ்டெப்னியும் இல்லை. சிறிய சக்கரம் கிடைக்கும் மாடலைத் தேர்ந்தெடுப்பது அழகில் ஒரு படி குறைவு. ஆனால் சாலைப் பணிகள் வருடக்கணக்கில் இழுத்த விக்கிரவாண்டி–தஞ்சாவூர் தடத்தில் ஓட்டியவருக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

தரையிலிருந்து காரின் அடிப்பாகம் எவ்வளவு உயரம் என்பதையும் இந்த மாவட்டத்தில் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை வெள்ளம் அரசூரில் நெடுஞ்சாலையையே மூடி, சென்னை–திருச்சி போக்குவரத்து நின்றது. மாடல் ஒய்யின் தரை இடைவெளி 167 மில்லிமீட்டர், ஐ.எக்ஸ்.க்கு இருநூறுக்கு மேல். ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார்கள் இன்னும் உயர்ந்துகொள்ளும். ஜாகுவார் ஐ-பேஸுக்கு நிறுவனமே 500 மில்லிமீட்டர் ஆழம் வரை அனுமதி சொன்னது. அதிலிருந்து மாறுபவர் புதிய காருக்கும் அதே துணிச்சல் உண்டென்று எண்ணிவிடக் கூடாது. பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி.67 தரச்சான்று இருப்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கே. வெள்ளத்தில் கெட்ட காரை வாரன்டி ஏற்காது. தண்ணீர் புகுந்து கெடும் பேட்டரிக்குக் காப்பீட்டில் தனி இணைப்பு தேவையா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டும் பழக்கமும் மாறுகிறது. ஆடி இ-ட்ரானில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் வழுக்கிக்கொண்டு போகும். டெஸ்லாவில் அதே நொடியில் பிரேக் பிடித்ததுபோல் வேகம் குறையும். கியாவில் ஸ்டியரிங் பின்னால் உள்ள பட்டையைத் தட்டி இதைக் கூட்டிக் குறைக்கலாம். டெஸ்லாவில் கியர் மாற்றுவதும் திரையில்தான். ஓட்டுநர் முன்னால் மீட்டரே கிடையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: டெஸ்ட் டிரைவ் போய்த் தேர்ந்தெடுப்பவர் முதலாளி, நாள்தோறும் ஓட்டப்போவது டிரைவர். எதிர்த் திசையில் ஓரமாக வரும் இரு சக்கர வண்டிகளுக்கு நடுவே புதிய காரின் தானியங்கி பிரேக் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அவரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. முதலாளிக்கு முக்கியம் பின் இருக்கை. அந்த வகையில் நீட்டிக்கப்பட்ட ஐ.எக்ஸ்.1 தன் விலைக்கு மீறிய இடம் தருகிறது.

பணக் கணக்கில் வரிதான் பெரிய பங்கு. மின்காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. தமிழகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை மின்கார்களுக்கு அதை 2025 இறுதிவரை முழுதாக விலக்கியது. ஒரு கோடி ரூபாய்க் காருக்கு அது இருபது லட்சம். பதிவு செய்யும் நாளில் சலுகை எந்த நிலையில் இருக்கிறது என்பதை, திண்டிவனத்தின் டி.என். 16 ஆனாலும் விழுப்புரத்தின் டி.என். 32 ஆனாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே சரி.

பழைய காரை விற்கும்போது இதன் மறுபக்கம் தெரிகிறது. உற்பத்தி நின்ற மாடலுக்கு விலை வேகமாக இறங்கும். வாங்க வருபவர் முதலில் கேட்பது கிலோமீட்டரை அல்ல, பேட்டரி வாரன்டி மிச்சத்தை. வழக்கமாக அது எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். அடுத்த உரிமையாளருக்கு அது அப்படியே போகுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். செங்கல்பட்டு ஆய்வு மையத்தில் உருவான மகிந்திரா எக்ஸ்.இ.வி. 9இ-க்கு முதல் உரிமையாளர் வைத்திருக்கும்வரை வாழ்நாள் வாரன்டி. கை மாறினால் பத்து ஆண்டு அல்லது இரண்டு லட்சம் கிலோமீட்டர். கை மாற்றும்போது நிறுவனத்திடம் எழுத்தில் வாங்க வேண்டிய தாள்கள் இரண்டு: பேட்டரியின் இன்றைய ஆரோக்கிய அறிக்கை, வாரன்டி மாற்றப்பட்டதற்கான உறுதிக் கடிதம்.