முதல் உப்புத்தண்ணி டேங்க்: எதுக்குக் காசு போடணும், எது வேண்டாம்

போன ஏப்ரல் கடைசியில 30 லிட்டர் டேங்க் ஒன்று வாங்கினேன். கூடவே ஒரு ஜோடி க்ளவுன் மீன். 'நீமோ' என்றால்தான் பலருக்குப் புரியும். கடையில் "ஃபுல் செட்" என்று கட்டிக்கொடுத்த பெட்டிக்குள் ஒரு ஹீட்டர் இருந்தது. சென்னையில், கத்திரி வெயில் தொடங்கப்போற நேரத்தில், ஹீட்டர்! அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். தண்ணி நிரப்பின அன்னைக்கே மீனையும் விட்டேன். 19-ஆவது நாள் காலையில் பார்த்தால் ரெண்டும் போயிடுச்சு.

முந்தின ராத்திரி நாலு மணி நேரம் கரன்ட் இல்லை. அதனாலதான் செத்துச்சுன்னு ரொம்ப நாள் நினைச்சுட்டிருந்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டப்பதான், மீனைக் கொன்னதில் என் பங்கு எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சது.

கணக்கு இதுதான். தொட்டிக்குள் உண்மையில் இருந்த தண்ணி 27 லிட்டர். தினம் அரை லிட்டர் ஆவியாகும். குறைஞ்ச தண்ணிக்குப் பதிலா நான் தினமும் உப்புத்தண்ணியையே ஊத்தினேன். ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிடும். 19 நாளில் ஒன்பதரை லிட்டர், லிட்டருக்கு 35 கிராம் வீதம் சுமார் 330 கிராம் உப்பை எக்ஸ்ட்ராவா சேர்த்திருக்கேன். லிட்டருக்கு 35 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் கடைசியில் 47 இருந்திருக்கும். அளந்து பார்க்க என்கிட்ட கருவியும் கிடையாது. ஹீட்டர் மட்டும் இருந்தது.

அதனால முதல்ல வாங்க வேண்டியது உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர். பிளாஸ்டிக் முள் ஆடுற ஹைட்ரோமீட்டர் விலை குறைவுதான். ஆனா அந்த முள்ளில் ஒரு காற்றுக் குமிழ் ஒட்டினாலே அளவு மாறிடும். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் டிஸ்டில்டு வாட்டரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்பாதீங்க. மலிவானவை பல சாதா உப்புக் கரைசலுக்காகச் செய்தவை, கடல் நீரில் கொஞ்சம் தப்பாகக் காட்டும். 35 அளவுக்கான காலிபரேஷன் திரவம் ஒரு சின்ன பாட்டில் வாங்கி அதில் சரிபார்க்கணும். லேபில் செய்யறதுதான், வீட்டுல மறந்துடுறோம்.

அடுத்தது டேங்க் அளவு. "முதல் டேங்க், சின்னதா இருக்கட்டும்" என்று எல்லாரும் சொல்வாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். உண்மையில் சின்ன டேங்க்தான் கஷ்டம். 60 x 40 x 40 செ.மீ. தொட்டி எடுத்துக்குங்க. மொத்தக் கொள்ளளவு 96 லிட்டர், கல்லெல்லாம் போக 85 லிட்டர் தண்ணி நிற்கும். இதில் நாலு நாள் வெளியூர் போய் 6 லிட்டர் ஆவியானாலும் உப்பு 35-லிருந்து சுமார் 37.7-க்குத்தான் ஏறும். 20 லிட்டர் தொட்டியில் அதே நாலு நாளில் 2 லிட்டர் போனாலே 39 ஆயிடும். வெப்பநிலையும் அப்படித்தான், தண்ணி அதிகமா இருந்தா மெதுவா மாறும். ஆனா எடையை யோசிங்க: தண்ணி, கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்து 120 கிலோவைத் தாண்டும். பழைய டீவி ஸ்டாண்டு மேல வைக்கிற சமாச்சாரம் இல்லை.

இப்ப நம்ம ஊரின் பெரிய பிரச்சினை, சூடு. யூடியூபில் வர்ற வழிகாட்டி வீடியோக்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரங்க போடுறது, அதனால ஹீட்டரிலிருந்து ஆரம்பிக்கிறாங்க. நமக்குத் தேவை நேர் எதிர். இந்த மீனுக்கு 25-லிருந்து 27 டிகிரி வசதி, 28-29 வரை சமாளிக்கும். என் பழைய டேங்க் மே மாச மத்தியானத்தில் 33 காட்டியது. சில்லர் வாங்கினால் பிரச்சினை தீரும், ஆனா மத்த எல்லாப் பொருளையும் சேர்த்தாலும் அதன் விலைக்கு வராது. மாணவர் பட்ஜெட்டில் வழி ஒண்ணுதான்: தண்ணி மேல்பரப்பில் காற்று வீசுற மாதிரி மாட்டின சின்ன ஃபேன்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இது புதுசு இல்லை. ஒரு கிலோ தண்ணி ஆவியாக ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பம் வேணும். நாளுக்கு ஒன்றரை லிட்டர் ஆவியானால் 3.6 மெகாஜூல், 86,400 நொடியால் வகுத்தால் தொடர்ந்து சுமார் 42 வாட் வெப்பத்தை வெளியே தள்ளுது. கம்ப்யூட்டர் ஃபேனே போதும். ஆனா வெட் பல்ப் வெப்பநிலைக்குக் கீழே தண்ணி இறங்காது. சென்னை ஈரக்காற்றில் கோடையில் 28-க்குக் கீழே கொண்டுபோறது கஷ்டம், அதை ஏத்துக்கத்தான் வேணும். ஜன்னல் வெயில் படாத இடம், மூடாத மேல்பக்கம் (மீன் துள்ளி விழாம ஒரு வலை போட்டுக்கலாம்), குறைந்த வாட் பம்ப், இதெல்லாம் காசில்லாத சில்லர் மாதிரி.

ஃபேன் வைத்தால் ஆவியாதல் கூடும், அதனால தினம் நல்ல தண்ணி ஊத்தணும். நல்ல தண்ணி மட்டும்! வாரக்கணக்கில் ஊருக்குப் போறவங்க மிதவை வால்வோடு ஒரு வாளியைப் பொருத்திட்டா தானா நிரம்பும். ஊத்துற தண்ணி போர் தண்ணியா இருக்கக்கூடாது. வீட்டு ஆர்ஓ மெஷினிலும் குடிக்க ருசியா இருக்கணும்னு கொஞ்சம் பழைய தண்ணியைக் கலந்துவிடுற வால்வு பலதில் இருக்கு. டிடிஎஸ் மீட்டரில் பாருங்க, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கணும். இல்லைன்னா ஆர்ஓவுக்குப் பின்னால் ஒரு டிஐ ரெசின் குழாய் சேர்க்கணும். சமையல் உப்பு உதவாது, அதில் மக்னீசியமும் கால்சியமும் போதாது. கடல் மீனுக்கான உப்புப் பொடிதான். 85 லிட்டருக்கு சுமார் மூன்றரை கிலோ ஆகும். மெரினாவில் குடத்தோடு போற ஐடியாவையும் விட்டுடுங்க. கரையோரத் தண்ணியில் என்னென்ன கலந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

ஃபில்டர் விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் குறைச்சுக் கேளுங்க. ப்ரோட்டீன் ஸ்கிம்மர் என்று ஒண்ணு காட்டுவாங்க. குமிழ் விட்டு, நுரையில் ஒட்டுற அழுக்கைப் பிரிக்கிற கருவி, தாதுப் பிரிப்பில் படிக்கிற ஃப்ரோத் ஃப்ளோட்டேஷன்தான். நல்ல கருவிதான், ஆனா 100 லிட்டருக்குள், ரெண்டே மீனுக்கு, வாரம் 10 சதவீதத் தண்ணி மாத்தினாலே போதும். பின்பக்கம் தொங்குற சாதாரண ஃபில்டரும், மணிக்கு 1,000-லிருந்து 1,500 லிட்டர் தள்ளுற ஒரு வேவ்மேக்கரும் வாங்குங்க. லைட் எதுவானாலும் சரி, மீனுக்கு நீல வெளிச்சம் எல்லாம் அவசியமில்லை.

உண்மையான ஃபில்டர் கல்தான். அதன் துளைகளில் வளர்ற பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாத்தும். இங்க ஒரு எச்சரிக்கை. "லைவ் ராக்" என்று கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லை யாராவது கொடுத்தால் வாங்காதீங்க. கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. கடல் குதிரையும் அப்படியே. மன்னார் வளைகுடாவில் எடுத்த கல்லை வீட்டில் வைத்தால் வழக்குத்தான். செயற்கைச் செராமிக் கல் கிடைக்குது, பாக்டீரியாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மீனிலும் தொட்டியில் பொரித்த குஞ்சாகக் கேளுங்க. மண்டபம், விழிஞ்ஞம் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி மையங்களில் க்ளவுன் மீன் இனப்பெருக்க முறையை உருவாக்கி ரொம்ப வருஷமாச்சு.

கரன்ட் கட்டுக்கு வருவோம். நல்ல தண்ணியில் 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். கடல் நீரில் அதே சூட்டில் 6.7, 30 டிகிரியில் 6.2 தான். பம்ப் நின்றதும் இருப்பதும் வேகமாகக் குறையும். பேட்டரி ஏர் மோட்டார் ஒண்ணு, கரன்ட் போனதும் தானா ஓடுற வகை, கண்டிப்பா வாங்குங்க. ஹீட்டர் விலைக்கே கிடைச்சிடும். ஒயரெல்லாம் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைஞ்சு மேலே போகணும், அப்பதான் வழியிற உப்புத்தண்ணி பிளக்குக்குள் இறங்காது. வீட்டில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கையை உள்ளே விடணும்.

பட்ஜெட் இன்னும் மிச்சமிருந்தால் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூணுக்கும் டெஸ்ட் கிட். பாக்டீரியா வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதுவரை டேங்க் வெறும் கல்லோடு ஓடும். வீட்டுக்கு வர்றவங்க "மீன் எங்கப்பா?"ன்னு கேட்பாங்க.

என் புது 60 செ.மீ. டேங்குக்கு இது ஐந்தாவது வாரம். அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் குழாயில் இன்னும் லேசா நிறம் தெரியுது. உப்பு 35, வெப்பம் 28. மீன் இன்னும் வாங்கலை.