காற்றையும் சேர்த்து அடைத்துவிட்டோம்

வெண்டிலேட்டரில் பழைய செய்தித்தாளைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். ஜன்னல் கதவுகளுக்குக் கொக்கி போட்டாயிற்று. கதவடி இடைவெளியில் மடித்த கோணிச்சாக்கு. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஒரு கிராமம், அத்தை வீடு. கார்த்திகை மாதம், மணி ஆறுகூட ஆகவில்லை. கொல்லையைத் தாண்டினால் வயல்தான். சம்பாப் பயிர் தூர் கட்டி நிற்கிறது, காலடியில் தண்ணீர். ஜன்னல் பக்கம் போன என்னை அத்தை தடுத்தார். "தொறக்காதப்பா, வௌக்கு வைக்கிற நேரம். மொத்தக் கொசுவும் உள்ள வந்துரும்."

பத்துக்குப் பத்து அறை. அன்றிரவு அதில் நான்கு பேர் படுத்தோம். கட்டிலுக்கடியில் தகரத் தாங்கியில் கொசுவர்த்திச் சுருள் கனிந்துகொண்டிருந்தது. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்தபோது எனக்கு நாக்கு வறண்டிருந்தது, நெற்றிப்பொட்டு கனத்தது. சுருள் எரிந்து முடிந்து, தரையில் அதே வட்டத்தில் சாம்பலாகக் கிடந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரன் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அதன் மேலேயே கண்ணயர்ந்தான். "ஒம்பது மணிக்கே படுக்குறான், இருந்தும் தூங்கி வழியிறான் பாரு" என்று அத்தை அலுத்துக்கொண்டார். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் அந்த அறை கொள்ளும் காற்று சுமார் 28,000 லிட்டர். தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்கு 10 லிட்டருக்கு மேல் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். காற்று துளியும் மாறாத அறையில் இரண்டு பேர் மட்டும் படுத்தாலே, பத்து லட்சம் பங்கு காற்றில் அந்த வாயு மணிக்கு 700 பங்குக்கு மேல் கூடும். வெளிக்காற்றில் அது இருப்பதே சுமார் 420 பங்குதான். ஆட்கள் இருக்கும் அறையில் 1,000 பங்கைத் தாண்டவிடக் கூடாது என்று மியூனிக் நகரத்து மருத்துவர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-லேயே எழுதிவைத்தார். அந்த எல்லை இங்கே ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது. சந்துபொந்து வழியாகக் கொஞ்சம் காற்று மாறும் என்பதால்தான் அளவு ஏறிக்கொண்டே போகாமல் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறது.

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தூக்கத்தோடு சேர்த்து அளந்தது. மாணவர் விடுதி அறைகளில் சில இரவுகள் காற்று வந்து போக வழி செய்தார்கள், சில இரவுகள் செய்யவில்லை. அடைத்த அறையில் கரியமில வாயு 2,400 பங்கை ஒட்டி இருந்தது; வழி செய்ததும் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. காற்றோட்டம் இருந்த இரவுகளில் மாணவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். மறுநாள் பகல் தூக்கம் குறைந்தது, கவனம் கூடியது, தர்க்கச் சோதனையிலும் மேலாகச் செய்தார்கள். கரியமில வாயு மட்டுமே குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. அது ஓர் அடையாளம். அது தேங்குகிற அறையில் வியர்வை ஈரம், மெத்தைத் தூசி, சுவரின் பூஞ்சை எல்லாமே தேங்கும். நம் அறையில் புகையும் தேங்குகிறது.

அந்தப் புகையை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். சுருளில் பூச்சிமருந்து சொற்பம்தான். மற்றதெல்லாம் மரத்தூள் போன்ற எரிபொருள். சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் நுண்துகளுக்குச் சமம். பிள்ளை படுக்கும் அறையில் யாராவது ஒரே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தால் சும்மா விடுவோமா?

ஏசி போட்டவர்களும் தப்பவில்லை. தஞ்சாவூரில் இருக்கும் என் சிநேகிதர் ஒருவர், வெளியே மாட்டிய பெட்டி புதுக்காற்றை இழுத்து உள்ளே அனுப்புகிறது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். ஸ்ப்ளிட் ஏசி அறையிலிருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. வெளிப்பெட்டி வெப்பத்தைக் கழிக்கிறது, அவ்வளவே.

அத்தையின் பழைய ஓட்டு வீடு எனக்கு நினைவிருக்கிறது. வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். திண்ணை, நடை, கூடம், முற்றம், கொல்லை என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போகும், ஆடிக் காற்று வாசலில் நுழைந்து கொல்லையில் வெளியேறும். அந்த வீட்டில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். விறகடுப்புப் புகையில் பாட்டி இருமிய இருமல் இன்னும் காதில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் தென்னை சாய்ந்து அந்தக் கூரை போயிற்று. அடுத்து எழுந்தது கான்கிரீட் வீடு. பகலெல்லாம் தளம் குடித்த வெயில் இரவில் உள்ளே இறங்குகிறது. புயலுக்குத் தாங்கும் வீடுதான், ஆனால் மூச்சு விட வழி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அதற்காக அத்தையின் பயத்தைத் தள்ளிவிட முடியாது. யானைக்கால் நோய்க்குப் பேர்போன கும்பகோணம் இருக்கிற மாவட்டம் இது. அந்த நோயைப் பரப்பும் கொசு இரவில்தான் கடிக்கும். மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கொசு வயல் தண்ணீரிலேயே பெருகும். ஜன்னலைத் திற என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பொறுப்பில்லாத பேச்சு.

கொசுவலை இருக்கிறதே! இதே காவிரிப் படுகையில், மேற்கே கரூரில், நாட்டுக்கே கொசுவலை நெய்து அனுப்புகிறார்கள். நாம் மாதாமாதம் சுருளுக்குக் காசு கொடுக்கிறோம். வலைக்குள் ஃபேன் காற்று குறைகிறது என்பது நியாயமான புகார்தான். மேஜை விசிறியைத் திறந்த ஜன்னலருகே வைத்துக் கட்டிலைப் பார்த்துத் திருப்பினால் வெளிக்காற்றும் உள்ளே வரும். 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டரோடு அரசு கொடுத்த விசிறி அத்தை வீட்டுப் பரணில் இன்னும் இருந்தது.

மறுநாள் ஒரத்தநாடு கடைத்தெருவில் இரட்டைக் கட்டில் வலை ஒன்று வாங்கினேன். சுவரில் நான்கு ஆணி அடித்துக் கட்டி, ஓரங்களை மெத்தைக்கடியில் செருகினோம். ஜன்னல் திறந்தது. அத்தை முதலில் வாசலிலேயே நின்று பார்த்தார். வலைக்கு வெளியே ரீங்காரம், உள்ளே ஒன்றும் இல்லை. பேரன் படுத்துவிட்டான். அத்தை ஸ்டூலைப் போட்டு ஏறி, வெண்டிலேட்டரிலிருந்த தாளை அவரே உருவி எடுத்தார்.

"அந்த ரூமுக்கும் ஒண்ணு வேணும். நாளைக்கு போறப்ப வாங்கிட்டு வந்துரு."