என்னை ஏமாற்றிய வெள்ளி டாலர்

கடைசிப் பத்து விநாடிகள். கைப்பேசித் திரையில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. யாரோ 215 ரிங்கிட் கேட்டிருந்தார். நான் 235 என்று அழுத்தினேன். நேரம் முடிந்தது. ஏலம் எனக்கே! உணவகத்தில் வார இறுதிகளில் தட்டு கழுவிச் சேர்த்த பணம் அது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மகிழ்ச்சியில்தான்.

நான் வாங்கியது 1908-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிக டாலர். ஒரு பக்கம் சூலமும் கேடயமும் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா, பின்னால் பாய்மரக் கப்பல். மறுபக்கம் சீன எழுத்திலும் ஜாவியிலும் 'ஒரு டாலர்' என்ற சொற்கள். 1895-இல் அடிக்கத் தொடங்கிய இந்த நாணயம், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று 1903-இல் தனி டாலர் வரும்வரை, இங்கும் கைமாறியது.

என் தாத்தா ரிங்கிட் என்று சொல்லவே மாட்டார். "அஞ்சு வெள்ளி கொடுய்யா" என்பார். நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? அந்தச் சொல்லுக்குள் ஒரு காலத்தில் உண்மையான வெள்ளி இருந்தது. அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்கு அசல் வெள்ளி ஒன்றை உள்ளங்கையில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

நாணயம் வந்ததும் ஓர் உறை வாங்கலாம் என்று பழைய நாணயக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அங்கிள் அதைக் கண்ணால்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கையில் வாங்கினார், ஒருமுறை தூக்கிப் போட்டுப் பிடித்தார், பிறகு தராசில் வைத்தார். 22.6 கிராம். "இது 26.95 இருக்க வேண்டும், தம்பி" என்றார். அவ்வளவுதான்.

எங்கே தவறினேன்?

வீட்டுக்கு வந்து அந்த ஏல அறிவிப்பை மறுபடியும் படித்தேன். எல்லா எச்சரிக்கைகளும் அதிலேயே இருந்தன. நான்தான் பார்க்கவில்லை.

"தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது. எனக்கு நாணயங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று விற்பவர் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது, 'பாவம், மதிப்புத் தெரியாமல் விற்கிறார்' என்று நினைத்தேன். உண்மையில் அந்த வாக்கியம் விற்பவருக்குக் கவசம். நாளை நான் கேள்வி கேட்டால், "எனக்குத்தான் தெரியாது என்று சொன்னேனே" என்று நழுவிவிடலாம். அவருடைய அறியாமையில் நான் லாபம் பார்க்க நினைத்தேன். அந்தப் பேராசைதான் என் கண்ணை மறைத்தது.

படங்கள் இரண்டே இரண்டு. இரண்டும் மங்கல். விளிம்பின் படம் இல்லை. எடை குறிப்பிடப்படவில்லை. அவர் விற்ற மற்றப் பொருள்களைப் புரட்டினேன். வேறு இரண்டு டாலர்கள், வேறு வேறு ஆண்டுகள். ஆனால் மூன்றிலும் கப்பலுக்கு மேலே ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் ஒரு சிறு கீறல்! ஒரு நாணயத்தின் மேல் புழக்கத்தில் விழும் கீறல் கைரேகை மாதிரி, இன்னொன்றில் அச்சாக வராது. அசல் ஒன்றை வைத்து அச்சு எடுத்து, ஆண்டை மட்டும் மாற்றி அடித்தால், அசலில் இருந்த கீறலும் எல்லாப் பிரதிகளிலும் சேர்ந்தே வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு பணம் கட்டிய விதம். "நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் 15 ரிங்கிட் குறைத்துக்கொள்கிறேன்" என்றார். அனுப்பினேன். ஏலத்தளத்தின் வழியாகக் கட்டியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும். நான் புகார் செய்யப் போனபோது அந்தக் கணக்கே இல்லை.

விலை கேட்கும் முன் கேட்க வேண்டியவை

அதன் பிறகு அந்த அங்கிளிடம் பல சனிக்கிழமைகள் போய் உட்கார்ந்தேன். கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில், நாணயத்தின் அடையாளங்களை ஏலத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். வணிக டாலருக்கு எடை 26.95 கிராம், குறுக்களவு சுமார் 39 மில்லிமீட்டர், 100-க்கு 90 பங்கு வெள்ளி. புழக்கத்தில் தேய்ந்தால் எடை சற்றுக் குறையலாம், நான்கு கிராம் குறையாது. பம்பாயில் அடித்தவற்றில் சூலத்தின் நடுமுனையில் 'பி' என்ற ஆங்கில எழுத்து பொடியாக இருக்கும். 1905, 1906 ஆகிய ஆண்டுகளில் இந்த நாணயம் அடிக்கப்படவே இல்லை. அந்த ஆண்டு பொறித்த டாலர் ஏலத்துக்கு வந்தால் மேற்கொண்டு ஆராயவே வேண்டாம்.

அடுத்து, கணக்குப் போடுங்கள். ஒரு டாலரில் ஏறக்குறைய 24.2 கிராம் தூய வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். உருக்கினாலே கிடைக்கும் தொகையைவிடக் குறைவாக ஒருவர் விற்கிறார் என்றால், ஏன் என்று கேளுங்கள்.

மூன்றாவது, படம் கேளுங்கள். தராசின் மேல் வைத்த படம், விளிம்பின் படம், அன்றைய தேதி எழுதிய தாளின் பக்கத்தில் வைத்த படம். உண்மையான விற்பனையாளர் அனுப்புவார். மற்றவர் சாக்குச் சொல்வார், அல்லது கோபப்படுவார். அனுப்பிய படத்தை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். வேறொருவரின் படமாகவும் இருக்கலாம்.

விளிம்பை ஏன் வற்புறுத்துகிறேன்? 'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல்லுக்கே பழைய பொருள் 'பற்பற்களான விளிம்புடையது' என்பதுதான். இங்கே புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் விளிம்பிலிருந்து வந்த பெயர். வணிக டாலரின் விளிம்பிலும் அசலில் வரிகள் ஒழுங்காக, ஒரே இடைவெளியில் ஓடும். வார்ப்பில் செய்த போலியில் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு தெரியும், அல்லது அதை அராவித் தேய்த்த தடம் தெரியும்.

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரமதிப்பு நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டியில் வரும் நாணயம் என்றாலும் உடனே நம்பிவிடாதீர்கள். பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள். அதிலுள்ள சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். எண் சரியாக இருந்தாலும் போதாது, அதை வேறொரு நாணயத்திலிருந்து திருடியிருக்கலாம். அங்கே படம் இருந்தால், கையிலுள்ள நாணயத்தோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள்.

ஆர்க்கிமிடீஸ் உதவிக்கு வருகிறார்

கையில் வந்த பிறகு செய்யும் சோதனைகளும் உண்டு. காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் அது வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் வெள்ளிதான் என்று அர்த்தமில்லை, செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது.

படிவம் 5 இயற்பியலில் நாம் படிக்கும் ஆர்க்கிமிடீஸ் கோட்பாடு இதைவிட நம்பகமானது. சிறிய இலக்கமுறைத் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், நாணயம் விலக்கிய நீரின் எடை. நாணயத்தின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

என் டாலர் 2.6 கிராம் நீரை விலக்கியது. 22.6-ஐ 2.6-ஆல் வகுத்தால் 8.7. இந்த நாணயத்துக்குரிய வெள்ளிக் கலவை என்றால் 10.3 அளவில் வர வேண்டும். 8.7 என்பது செம்பு கலந்த மலிவு உலோகங்களின் அடர்த்தி. பாடப் புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த வரி, முதன்முறையாக என் சொந்தக் காசைப் பற்றிப் பேசியது.

ஓர் எச்சரிக்கை: பழைய நாணயத்தைப் பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துக் கழுவாதீர்கள். அசலாக இருந்தால் அதன் மதிப்பை நீங்களே குறைத்துவிடுவீர்கள்.

நான் செய்யவிருந்த தவறு

இனிச் சொல்வது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை.

போலி என்று தெரிந்த மூன்றாம் நாள், அதே நாணயத்தை நானே ஏலத்தில் போட்டேன். ஆரம்ப விலை 150 ரிங்கிட். முழுப் பணம் வராவிட்டாலும் பாதியாவது வரட்டும் என்று மனம் கணக்குப் போட்டது. விளக்கத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? "தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது."

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு செய்தி வந்தது. "அண்ணா, நான் படிவம் 4 படிக்கிறேன். சேமிப்புப் பணத்தில் வாங்கப் பார்க்கிறேன். இது அசல்தானே?"

கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னை ஏமாற்றியவரும் இப்படித்தான் ஏமாந்திருப்பாரோ? போலியைச் செய்பவர் எங்கோ ஒருவர். அதைக் கைமாற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவது, நட்டத்தைத் தாங்க முடியாத நம்மைப் போன்றவர்கள்தான். நான் விற்றால் அந்தத் தம்பியும் அதைத்தான் செய்வான்.

"இல்லை தம்பி, போலி. வாங்காதே" என்று பதில் எழுதினேன். ஏலத்தை நீக்கினேன். எடையை எப்படிக் கேட்பது, படத்தில் எதைப் பார்ப்பது என்று அன்றிரவு அவனுக்கு எழுதியதுதான் இந்தக் கட்டுரையின் முதல் வடிவம்.

அந்த நாணயம் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உறையின் மேல் 'போலி, 22.6 கிராம்' என்று அழியாத மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

தாத்தாவின் பிறந்தநாளுக்கு அந்த அங்கிளிடமே ஒரு டாலர் வாங்கினேன். தேய்ந்தது. முகப்பில் சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துக் குத்திய முத்திரைகள் இரண்டு. சேகரிப்பாளர்கள் தேடும் அழகு அதில் இல்லை, எடை மட்டும் 26.7 கிராம். மூன்று மாதத் தவணையில் பணம் கொடுத்தேன்.

தாத்தா அதை உள்ளங்கையில் வாங்கி, மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்.

"நல்ல கனமா இருக்குய்யா" என்றார்.