மேசைமேல் ஓர் உடுமலை

நீண்ட சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புவோருக்குப் பொழுது எளிதில் நகர்வதில்லை. உடல் ஓய்வை நாடுகிறது. கைகளோ வேலையைத் தேடுகின்றன. மருந்தின் நேரம், உணவின் அளவு, உறங்கும் பொழுது என எல்லாவற்றையும் பிறரே முடிவு செய்கின்றனர். இத்தகைய நாட்களில் நோயாளர் தாமே முடிவெடுத்துச் செய்யக்கூடிய ஒரு கைவேலையை இவ்விதழில் அறிமுகம் செய்கிறோம்: பொம்மை ரயில் ஓடுவதற்கான நிலக்காட்சியை வீட்டுப் பொருள்களைக் கொண்டே அமைத்தல்.

இக்கலை நமக்குப் புதியதன்று. நவராத்திரிக் கொலுவின் அருகே மண் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தெளித்து வயல் முளைக்கச் செய்வதும், கண்ணாடித் துண்டைக் குளமாக்குவதும் நம் வீடுகளின் வழக்கமே. காட்சிக்கும் நாம் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல்–பாலக்காடு தடத்தில் நம் ரயில் நிலையம். தெற்கே நீலமாய்த் தெரியும் ஆனைமலைத் தொடர். இடையே தென்னந்தோப்புகளும் காற்றாலைகளும். இவை போதும்.

முதலில் அளவு. உலகெங்கும் பரவலாக வழங்கும் ‘எச்ஓ’ அளவில் ஒவ்வொரு பொருளும் 87இல் ஒரு பங்காகச் சிறுக்கும். 20 மீட்டர் தென்னை 23 செ.மீ. ஆகும்; ஐந்தரை அடி மனிதர் 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக நிற்பார். 80 மீட்டர் காற்றாலைத் தூணோ 92 செ.மீ. உயரும். ஆகவே அதனை மிகச் சிறிதாகச் செய்து பின்புறம் நிறுத்தினால், தொலைவில் நிற்பதுபோல் தோன்றும்.

மலைக்கு, கசக்கிய செய்தித்தாள் உருண்டைகளை அட்டையின்மேல் ஒட்டி, இரு விரல் அகலக் காகிதப் பட்டைகளை மைதாப் பசையில் தோய்த்து மூன்று நான்கு அடுக்குகளாகப் போர்த்துக. நன்றாக உலர்ந்தபின் வண்ணம் தீட்டுக. அருகிலுள்ள சரிவு பச்சையாகவும், தொலைவிலுள்ளது நீலமாகவும் இருத்தல் நன்று. தென்னைக்கு, சில ஈர்க்குகளை நூலால் சுற்றித் தண்டாக்கி, ஓரம் நறுக்கிய பச்சைக் காகிதத்தை ஓலையாக்கலாம். கழுவி உலர்த்திய தேயிலைத்தூள் செம்மண் நிலமாகும். தண்டவாளத்தின் இடையே சலித்த மணலைப் பரப்பி, வெள்ளைப் பசையில் சம அளவு நீரும், பாத்திரம் கழுவும் சோப்பு நீர் இரு துளியும் கலந்து சொட்டுச் சொட்டாக விடுக. சோப்பு, பசையை மணலுக்குள் ஊறச் செய்யும். தண்டவாளத்தின் மேற்பரப்பைத் துடைத்துவிடுக. பசை முழுதும் உலருமுன் மின்னிணைப்புத் தர வேண்டா.

சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. புற்றுநோய் மருந்து பெறுவோரும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் மண், மரத்தூள், தேங்காய் நார்த்தூள் ஆகியவற்றைத் தொடலாகாது. அவற்றில் பூஞ்சை வித்துகள் இருக்கக்கூடும். அவர்களுக்குக் காகிதமும் வண்ணமுமே போதும். மூச்சிரைப்பு உள்ளோர் தூசியையும் ஸ்பிரே பெயின்டையும் தவிர்க்க. சர்க்கரை நோயால் விரல் மரத்தவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் வெட்டும் பணியைத் துணையிருப்போரிடம் விடுக. தெர்மோகோலைச் சூடான கம்பியால் அறுத்தல் எவருக்கும் ஆகாது, அப்புகை தீங்கானது. பக்கவாதத்திற்குப் பின் கை பழகுவோர், எந்த அசைவு தமக்கு ஏற்றதென இயன்முறை மருத்துவரைக் கேட்டபின் தொடங்குக. ஒரு வேளைக்கு 20 நிமிடம் போதும். களைப்புத் தோன்றினால் அதற்கு முன்பே நிறுத்துக.

துணையிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளர் கிழித்த பட்டை கோணலாயிருப்பினும், நீங்கள் திருத்தி ஒட்டாதீர்கள். மலைச்சரிவுக்கு அக்கோணலே பொருந்தும். ஆறு எங்கே வளைய வேண்டும், தோப்பு எப்பக்கம் நிற்க வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். பாதி முடிந்த பலகையைக் கட்டிலிலிருந்து பார்வை எட்டும் இடத்தில் வையுங்கள். பசை உலர ஒரு நாளாகும். மறுநாள் செய்ய வேண்டியது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கும்.