திருத்தணிப் பயணமும் உணவுக் கட்டுப்பாடும்

முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படும் திருத்தணிகை, இறைவன் சினம் தணிந்து அமர்ந்த தலம் என்பது மரபு. ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாகக் கருதப்படும் 365 படிகளை ஏறி வழிபடுவதற்காக அன்பர்கள் இங்கு வருகின்றனர். சென்னையிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பலாம் என்பதாலும், திருப்பதி அருகிலிருப்பதாலும், முதியோரை அழைத்துச் செல்லும் குடும்பங்கள் பல. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோர் பயணத்திற்கு முன் பெரும்பாலும் கேட்பது, ‘எதை உண்ணக் கூடாது?’ என்பதே. அதனினும் முதன்மையான கேள்வி ஒன்று உண்டு: ‘எப்பொழுது உண்ணப் போகிறோம்?’

வேளை தவறுதலே முதல் ஆபத்து

காலையில் இன்சுலின் செலுத்திக்கொண்டோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை விழுங்கியோ புறப்படும் ஒருவர், ‘தரிசனம் முடிந்தபின் உண்ணலாம்’ என்று எண்ணி வரிசையில் நிற்கிறார். மருந்து தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. உணவோ வந்து சேரவில்லை. படியேறும் உழைப்பும் இரத்தத்திலுள்ள சர்க்கரையைச் செலவழிக்கிறது. விளைவு தாழ்சர்க்கரை நிலை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, குழப்பமான பேச்சு ஆகியவை இதன் அடையாளங்கள். வெயிலாலும் நெரிசலாலும் வந்த களைப்பு என்று இதனைத் தவறாகக் கருதிவிடுவது எளிது.

சர்க்கரை அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ, அளக்க வசதியில்லாமல் இவ்வறிகுறிகள் தோன்றினாலோ, உடனே அமரச் செய்து 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை, அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி, நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் சீராகாவிடில் மீண்டும் அதே அளவு கொடுக்கலாம். தெளிந்தபின் இட்லியோ வேறு உணவோ உண்பது அவசியம். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். குளுக்கோஸ் பொட்டலம் பேருந்திலோ காரிலோ வைக்கும் பையில் இருந்து பயனில்லை. நோயாளியின் சட்டைப்பையிலோ, உடன் வருபவர் கையிலோ இருத்தல் வேண்டும்.

கிருத்திகை விரதம்

ஆடிக் கிருத்திகையன்று காவடி எடுப்போரும் விரதம் இருப்போரும் திரளாகக் கூடுவர். விரதம் இருக்க விரும்பும் நீரிழிவு நோயாளர் சில நாட்களுக்கு முன்பே மருத்துவரிடம் அதனைத் தெரிவிக்க வேண்டும். சில மருந்துகளின் அளவைக் குறைக்கவும், சிலவற்றை அன்று நிறுத்தவும் நேரிடலாம். குறிப்பாக டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளை உட்கொண்டு பட்டினி கிடந்தால் உடலில் நீர் வற்றுவதோடு, இரத்தத்தில் அமிலத்தன்மை மிகும் அபாயமும் உண்டு. இன்சுலினைத் தாமாகவே நிறுத்துவதும் தீங்காகும்.

விரதத்தில் ‘உப்பு சேர்க்கவில்லை, இந்துப்புதான்’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. இரத்த அழுத்தம் உடையோருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிரசாதமும் இலைச் சாப்பாடும்

பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், வெல்லம், தேன், பேரீச்சை, நெய் ஆகியவை சேர்கின்றன. வெல்லமும் தேனும் சர்க்கரையைப் போலவே இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். ஆயினும், சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் ஒரு தேக்கரண்டி பிரசாதத்தைப் பணிவுடன் ஏற்பதால் கேடில்லை. எஞ்சியதைப் பகிர்ந்துகொள்வதே பிரசாதத்தின் முறையும் ஆகும். புளியோதரையும் பொங்கலும் கிடைத்தால் அவற்றை நொறுக்குத் தீனியாகக் கருதாமல், அவ்வேளை உணவாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

சிறுநீரக நோயாளர்க்குக் கணக்கு வேறு. வாழைப்பழம், பேரீச்சை, இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. வெயிலுக்கு இதமென்று பருகும் இளநீர், டயாலிசிஸ் செய்துகொள்வோரின் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும். அவர்கள் நாளொன்றுக்கு அனுமதிக்கப்பட்ட நீரை ஒரே பாட்டிலில் அளந்து எடுத்துச் செல்வது நன்று.

திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்த ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இவ்வட்டாரத்தில் ஆந்திரச் சமையலின் காரமும், ஆவக்காய் போன்ற ஊறுகாய்களும் இலையில் இடம்பெறும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஊறுகாய், அப்பளம், வடகம் மூன்றையும் விலக்கினால் உப்பு குறையும். பரிமாறுபவர் தெலுங்கர் எனில், ‘உப்பு தக்குவ’ என்றால் உப்பைக் குறைக்கக் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார். உப்பு இரு மொழிகளிலும் உப்பே.

கேட்டறிந்து உண்க

ஒவ்வாமை உடையோருக்குக் கேட்டறிதலே காப்பு. பிள்ளைகளைக் காண ஐரோப்பிய நகரங்களுக்குச் செல்வோர் அங்கே ஒரு வசதியைக் காணலாம். கோதுமை முதலிய பசையம் உள்ள தானியங்கள், பால், நிலக்கடலை, எள், கடுகு உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருட்கள் உணவில் உள்ளனவா என்று தெரிவிப்பது, 2014 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் உணவகங்களுக்கும் சட்டக் கடமை. நம் ஊர்ச் சிறு உணவகங்களில் அத்தகைய பட்டியலை எதிர்பார்க்க இயலாது. பசையம் ஒவ்வாத சீலியாக் நோயாளர் அரிசிச் சோறுதானே என்று சாம்பாரையும் புளியோதரையையும் நம்பிவிடக் கூடாது. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். தயிர்ச்சோறு, வேகவைத்த காய்கறி என வீட்டிலிருந்து கட்டிச் செல்வதே அவர்களுக்குப் பாதுகாப்பு. நெடுநேரப் பயணமாயின் தயிரைத் தனியே குளிர்ச்சியுடன் கொண்டு செல்லலாம்.

பாதங்களை மறவாதீர்

நீண்டகால நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் சுடுகல்லில் நடந்தாலும் சூட்டை அறியார். மாலையில் கொப்புளத்தைக் கண்டபின்னரே தெரியவரும். வெயில் ஏறுமுன் படியேறுங்கள். இயலாதோர் மலைமேல் செல்லும் வாகனப் பாதையைப் பயன்படுத்தலாம். இறங்கியதும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் உடன் வந்தவர் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

இன்சுலினை நிறுத்தி வைத்த வாகனத்தினுள் விட்டுச் செல்லாதீர்கள். வெப்பத்தில் அதன் ஆற்றல் கெடும். மருந்துச் சீட்டின் நகலும், உணவு வேளைகளைக் குறித்த சிறு தாளும் கைப்பையில் இருக்கட்டும். நடை திறக்கும் நேரத்தை விசாரிப்பது போலவே, நோயாளி உண்ணும் நேரத்தையும் குறித்துக்கொண்டு புறப்படுங்கள்.